இதர

படிவத்தில் நாலு கட்டம்:
இரும்பு. பிளாஸ்டிக். செம்பு. இதர.
மூன்று வாரமாக டவுனில்
இரும்பு, இரும்பு, பிளாஸ்டிக், இரும்பு என்று
டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.
கையில் இருந்த ஆயுதம் இரண்டு:
கெட்டுப்போன ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தம்,
ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று.

ஆறுமுகநயினார் வளவில் ஆறு வீடு, ஒரே குழாய்.
மாடிப்படிக்கு அடியில், ஓட்டை சைக்கிளுக்குப் பின்னால்
சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது.
கொடி மாறுவதற்கு முந்திப் போட்டதாம்.
மேலே பச்சைப் பெயிண்ட்,
பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு.

காந்தத்தை வைத்தேன். விழுந்தது.
மறுபடி வைத்தேன்.
ஒட்டமாட்டேன் என்று என் செருப்பின் மேல் விழுந்தது.
சாவியால் தட்டினேன். கணீர் இல்லை;
நனைந்த சாக்கில் தட்டியது போல, தொப்.
மீட்டருக்கு முன்னால் ஒரு புடைப்பு,
எலி விழுங்கிய சாரையின் கழுத்து மாதிரி.
நாணயத்தின் விளிம்பால் ஒரு கோடு இழுத்தேன்.
சோப்புக் கட்டியாய் இளகிக் கொடுத்தது.
உள்ளே
இப்போதுதான் வார்த்தது போல் ஒரு பளபளப்பு.

"நல்லா மினுங்குதே, வெள்ளியா?" என்றாள்
மூன்றாம் வீட்டுப் பிரம்மசக்தி.
காரீயம் என்றேன்.
அதன் நுனியில் பித்தளைத் திருகு,
புளி போட்டுத் தேய்த்தது, பல்லைக் காட்டியது.
ஈயத்தைப் பார்த்து இளிக்கும் பித்தளையை
அன்றுதான் நேரில் கண்டேன்.

நயினார் அண்ணாச்சி பனியனோடு இறங்கி வந்தார்.
"ஈயச் சொம்புல ரசம் வைக்கோம்.
எங்க அய்யா தொண்ணூறு வரைக்கும் இருந்தாவ.
ஈயம் உடம்புக்கு நல்லதுவே."
சொம்பு வெள்ளீயம், இது காரீயம்,
பேர்தான் ஒன்று என்றேன்.
சுவரை இடிக்கவேண்டி வருமோ என்ற கணக்கு
அவர் முகத்தில் ஓடியது. நான் சொன்னது ஓடவில்லை.

தாமிரத்தைப் பேரில் வைத்துக்கொண்டு
பொதிகையிலிருந்து அவ்வளவு தூரம் வந்த ஆறு
கடைசி எட்டு அடியில்
ஈயத்துக்குள் படுத்து உறங்கிவிட்டுக்
குடத்தில் இறங்குகிறது.
நிறத்தில் தெரியாது. ருசியில் தெரியாது.

"காய்ச்சிக் குடிச்சா?"
போகாது.
"துணியில வடிகட்டினா?"
நிற்காது.
குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரைக்
கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிங்க என்றேன்,
அச்சடித்த தாளில் இருந்தபடி.
"மூணு நாளைக்கு ஒருக்க அரை மணி நேரம் வருது.
ஆறு வீடு. நீங்களே சொல்லுங்க,
எந்த வீட்டுத் தண்ணிய சாக்கடைக்கு விட?"
தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.

கோட்டைத் தடவிய அவள் விரலில் சாம்பல் ஒட்டியிருந்தது.
கையக் கழுவிருங்கக்கா என்றேன்.
"எதுல?" என்றாள்.

பிறகு குரலைத் தணித்து:
கடைக்குட்டி ரெண்டாம் வகுப்பு.
நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்கு நிற்கவில்லை.
"அதுக்கும் இதுக்கும்..."
தெரியாதுக்கா. ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கேளுங்க.
இதைச் சொல்லும்போது
நான் அவளைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்தேன்.

இதர கட்டத்தில் டிக் போட்டேன்.
பக்கத்தில் விட்டிருந்த அரை அங்குலத்தில்
காரீயம் என்று நெருக்கி எழுதினேன்.
ம் வெளியே நின்றது.

ஒன்பது நாள் கழித்து ஏ.இ. ஜீப்பில் வந்தார்.
காற்றுப் பட்டால் ஈயம் மங்கும்.
என் கோடு பழையபடி கறுத்திருக்கும்,
அதற்குமேல் அண்ணாச்சியின் பெயிண்ட் வேறு என்று
பயந்துகொண்டே பின்னால் போனேன்.
பெயிண்ட் இருந்தது. புதுசு. வாடைகூடப் போகவில்லை.
பச்சைக்கு நடுவே, ஒரு விரல் நீளத்துக்கு,
கோடு மினுங்கியது.

வீட்டுச் சாவியை இடுப்பில் செருகியபடி
பிரம்மசக்தி நின்றாள்.
"தெனமும் காலையில ஒரு இழுப்பு.
கையக் கழுவிட்டுதான் உலை வைக்கேன்,
பக்கத்துத் தெருத் தண்ணியில."

ஏ.இ. காந்தத்தைக் கேட்டார். கொடுத்தேன்.
அது விழுந்த சத்தத்துக்கு
ஆறு வீட்டுக் கதவும் திறந்தது.